மூலைக்காரனின் புலம்பல்

அத்தியாயம் பதினான்கு

போன வியாழக்கிழமை பெரியவள் சின்னவளின் போர்வையை உதறியபோது, மடிப்புக்குள்ளிருந்து ஒரு தாள் நழுவிக் காலடியில் விழுந்தது.

தேடிப் போய் எடுத்ததல்ல அது. ஆனாலும் விழுந்ததைப் படிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. ஓரகத்தி சின்னவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ரயிலில் ஒரு பகல் தூரத்தில் ஒரு ஊர். பெரிய நிறுவனம். நூற்றுக்கணக்கான சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

நாலாக மடித்த தாள், மடிப்புகளில் நைந்து போயிருந்தது. எத்தனை தடவை பிரித்துப் படித்திருப்பாள்?

பெரியவள் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். நான்கு நாளாக யாரிடமும் மூச்சு விடவில்லை. சின்னவளும் வாய் திறக்கவில்லை.

இன்று திங்கட்கிழமை.

மேலே வீடு, கீழே பட்டறை. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். இங்கே பல் செட் செய்து கொடுப்பார்கள். மாமனார் நாற்பது வருடம் முன்னால் பிளாஸ்டரும் மெழுகுமாக ஆரம்பித்தது. இப்போது மெழுகின் வேலையைப் பாதிக்கு மேல் மூலைக்காரன் பார்க்கிறான்.

மூலைக்காரன் என்பது மேற்கு மூலையில், மேசைக்கு அடியில் உறுமிக்கொண்டிருக்கும் கறுப்பு சர்வர். ஸ்கேன்கள் அவனுக்குள்தான் வந்து சேரும். அவன்தான் படம் போட்டு, மில்லிங் மெஷினுக்குச் சொல்லி, பல்லைச் செதுக்க வைப்பான். அந்த வீட்டில் மனுஷர்கள் பேரைவிட அவன் பேர்தான் அதிகம் அடிபடும்.

காலை பத்து மணிக்கு மூலைக்காரன் கையை விரித்துவிட்டான். 'டிஸ்க்கில் இடமில்லை' என்று சிவப்பில் ஒரு வரி. மில்லிங் மெஷின் பாதிப் பல்லோடு நின்றது.

நேரம் பார்த்துத்தான் நின்றது. பெரியவளின் கணவர் பல் செட் பெட்டிகளை வண்டியில் கட்டிக்கொண்டு மருத்துவர்களிடம் கொடுக்கக் கிளம்பியிருந்தார். மூலைக்காரனைக் கொண்டுவந்து வைத்த கொழுந்தன், சின்னவளின் கணவன், ஊரின் மறுகோடியில் ஒரு கிளினிக்கில் ஸ்கேனர் பொருத்திக்கொண்டிருந்தான். முன்னறையில் பாட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார், கைக்குட்டையில் இரண்டாக உடைந்த கீழ்ப்பல் செட்டோடு.

"ஆறு மணிக்கு மேடை," என்றார் டீச்சர், கையால் வாயை மூடிக்கொண்டே. "இந்த வாயோட பாடினா பாட்டு வராது, காத்துதான் வரும்."

"கவலையே படாதீங்க டீச்சர்," என்று மாமனார் வாக்குக் கொடுத்துவிட்டார். "மூணு வருஷம் முந்தி எடுத்த உங்க ஸ்கேன் உள்ள பத்திரமா இருக்கு. அதே அளவுல புதுசு வெட்டிடலாம். நாலரைக்கு உங்க வாய்ல இருக்கும்."

பெரியவளுக்குப் பதற்றமில்லை. இதற்குத்தான் தாள் இருக்கிறதே. திரையின் ஓரத்தில் கொழுந்தன் ஒட்டி வைத்தது: 'இடம் குறைந்தால் முதல் வரியை அடித்து, கேட்டால் ஒய் (ஆமாம்) கொடுக்கவும்.' ஒரு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் அவள்தான் அடிப்பாள். ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக. 'ஒய்' தட்டியதும் இடம் வரும். அது ஒரு சின்ன சந்தோஷம்.

அடித்தாள். திரை நாலு வரி எழுதிவிட்டு, சம்மதமா என்று கேட்டுக் கண் சிமிட்டியது. விரல் 'ஒய்' மேல் போனது.

"அக்கா! கையை எடுங்க!"

வாசலில் சின்னவள். கையில் தண்ணீர்க் குடுவை. அந்தக் குரலில் அப்படி ஒரு கூர்மையைப் பெரியவள் இதுவரை கேட்டதில்லை. பத்து மாதமாக இந்த வீட்டில் அந்தப் பெண் பேசியதெல்லாம் 'சரிக்கா', 'வந்துட்டேன்க்கா' இரண்டுதான்.

"எதுக்கு இப்படிக் கத்தறே? இது என்ன எனக்குப் புதுசா?"

"புதுசில்லக்கா. ஆனா 'ஒய்' அடிக்கறதுக்கு முந்தி அது நாலு வரி எழுதுதே, என்னைக்காவது படிச்சிருக்கீங்களா?"

படித்ததில்லை. மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் போல, இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

"நீங்களே படிங்களேன்."

பள்ளிக்கூட இங்கிலீஷைத் தூசு தட்டிப் பெரியவள் படித்தாள். நின்றுபோன எல்லா கன்டெய்னரையும் அழிக்கப் போகிறேன். யாரும் பயன்படுத்தாத, பேரில்லாத சேமிப்பையும் அழிக்கப் போகிறேன்.

"சரி. நின்னு போனது குப்பைதானே?"

சின்னவள் குடுவையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூலைக்காரனுக்குள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டப்பாக்கா. அதைத்தான் கன்டெய்னர்னு சொல்றது. ஸ்கேன் வாங்கறதுக்கு ஒண்ணு, படம் போடறதுக்கு ஒண்ணு, பழைய ஸ்கேனைக் காப்பாத்தறதுக்கு ஒண்ணு. எல்லா டப்பாவும் ஒரு அச்சுலேருந்து வார்த்ததுதான், நம்ம பிளாஸ்டர் அச்சு மாதிரி. டப்பா போனா இன்னொண்ணு வார்த்துக்கலாம். ஆனா பழைய ஸ்கேன் டப்பாவோட ஒரு பெட்டி சேர்ந்திருக்கு. ஏழு வருஷமா வந்தவங்க வாயெல்லாம் அதுக்குள்ள. அதை எங்கேருந்து வார்க்கறது?"

"அது ஓடிக்கிட்டுதானே இருக்கு?"

"இல்லக்கா." திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "பதினஞ்சு மணி நேரமா நிக்குது. யாரோ நிறுத்தியிருக்காங்க. நீங்க 'ஒய்' அடிச்சிருந்தா டப்பா போயிருக்கும். பெட்டிக்கு உங்க கொழுந்தன் பேர் வைக்கல. பேரில்லாததுனால அதுவும் பின்னாலேயே போயிருக்கும்."

பெரியவள் விரலை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். முன்னறையில் டீச்சர் இருமுவது கேட்டது.

"மாமா!" என்று கூப்பிட்டாள். "நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு யாரு இதைத் தொட்டது?"

மாமனார் மாவு படிந்த கையோடு வந்தார். "நான்தான். மூலைக்காரன் திணறினான். தாள்ல ரெண்டாவது வரி இருக்கே, நிறுத்தறதுக்கு, அதைப் போட்டேன். பழசைப் பாத்துக்கறவனுக்கு ராத்திரில என்ன வேலை? கொஞ்சம் மூச்சு வாங்கட்டுமேன்னு பாத்தேன்."

"மூச்சு வாங்கறதா?"

"மூணு மணி நேரம் ஓடினா கால் மணி ஓய்வு. நாப்பது வருஷமா என் பட்டறையில ஒரு மோட்டார் எரிஞ்சதில்ல, தெரியுமா? காலைல எழுப்ப மறந்துட்டேன். அதுக்கென்ன இப்போ?"

கொன்றுபோட இருந்தோம் மாமா, அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்தாள் பெரியவள். அதற்குள் சின்னவள், "ஒண்ணுமில்ல மாமா. நல்ல மனசுல செஞ்சது. நான் பாத்துக்கறேன்," என்றாள்.

அவரைக் காட்டிக்கொடுக்கவுமில்லை, கெட்டிக்காரத்தனம் காட்டவுமில்லை. பெரியவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சின்னவளைப் பற்றிப் பெரியவளுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. எடுத்த பாத்திரத்தை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மடிக்கணினிக்குள் மூழ்கிவிடுவாள். பால் பொங்கி அணைந்து, கருகல் வாசனை மாடிப்படி இறங்கி வரும். 'படிச்ச பொண்ணு' என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போது பெரியவள் தலையாட்டிவிட்டு, மனசுக்குள் அடுப்பைத் துடைப்பாள்.

அந்தப் பெண்தானா இது?

முதலில் அவள் எதையுமே தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் சும்மா திரையைப் பார்த்தாள்.

"அழிக்கலையா?"

"எங்க போச்சுன்னு தெரியாம எதை அழிக்கறது? முதல்ல பாக்கணும்க்கா."

ஒரு வரி அடித்தாள். "மொத்த டிஸ்க் ஐநூறு ஜிபி. ஐநூறும் ரொம்பிடுச்சு." இன்னொரு வரி. "இப்ப டப்பாக்களையே கேப்போம், யாரு எவ்வளவு வெச்சிருக்கீங்கன்னு. அச்சுகள் முப்பத்தெட்டு ஜிபி. உங்க கொழுந்தன் ஒவ்வொரு தடவை திருத்தம் செஞ்சப்பவும் பழைய அச்சை 'எதுக்கும் இருக்கட்டும்'னு விட்டிருக்காரு."

"அப்பனுக்குப் பிள்ளை தப்பாம பொறந்திருக்கு," என்றாள் பெரியவள். பின்சுவர் முழுக்க மாமனார் சேர்த்து வைத்த பிளாஸ்டர் அச்சுகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன.

சின்னவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பெரியவள் பார்த்தது அபூர்வம். கீழ் உதடு ஒரு பக்கம் இழுக்கும்.

"அச்சு செய்யறப்ப விழுந்த துணுக்கு இருபத்தேழு. பெட்டிகள் நூத்து நாப்பது. மூலைக்காரனோட சொந்தச் சாமான் ஒரு இருபது. கூட்டுங்கக்கா."

"இருநூத்தி இருபத்தஞ்சு."

"டிஸ்க்கோ ஐநூறும் ரொம்பியிருக்குங்குது."

"கணக்கு உதைக்குதே?"

"உதைக்குதுல்ல?" சின்னவள் கண்ணில் ஒரு வெளிச்சம். "அங்கதான் விஷயமே. டப்பாக்கள் தங்களைப் பத்திச் சொன்னது பொய்யில்ல. ஆனா அதுங்க கணக்குல சேர்க்காத ஏதோ ஒண்ணு இருநூத்தி எழுபதுக்கு மேல முழுங்கிட்டு உக்காந்திருக்கு. நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை 'ஒய்' அடிச்சப்ப எவ்வளவு இடம் வந்துது?"

பெரியவள் யோசித்தாள். "முதல்ல பத்து, பன்னெண்டுன்னு வரும். அப்புறம் அஞ்சு. போன வாரம் ஒண்ணுகூட முழுசா வரல."

"அப்பவே அது உங்ககிட்ட சொல்லியிருக்குக்கா. நான் குப்பையில இல்லன்னு."

பின்னால் மாமனார் நின்றுகொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. "நீலத்தாள் வைக்கறா," என்றார் அவர், தனக்குத்தானே.

"என்ன மாமா?"

"பல் செட் போட்டவன் வந்து 'இங்க வலிக்குது'ன்னு வலப்பக்கம் தொட்டுக் காட்டுவான். அவசரக்காரன் வலப்பக்கத்தை ராவிடுவான். கெட்டுப்போச்சு செட்டு. நான் நீலத்தாளைக் குடுத்துக் கடிக்கச் சொல்லுவேன். பாத்தா இடப்பக்கம் ஒரு நீலப் புள்ளி விழுந்திருக்கும், அங்கதான் இடிக்குது. வலிக்கிற இடம் ஒண்ணு, இடிக்கிற இடம் ஒண்ணு." சின்னவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். "இது எனக்குப் பிடிபடவே ஆறு வருஷம் ஆச்சு."

சின்னவள் காது மடல் சிவந்தது. திரும்பிப் பார்க்காமல் அடுத்த வரியை அடித்தாள். மூலைக்காரனின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எது பெரியதோ அதற்குள் போய், அதற்குள்ளும் எது பெரியதோ அதற்குள் போனாள். வீட்டில் கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டால் விழிப்பவள், இங்கே இருட்டில் நடமாடும் வீட்டுக்காரியைப் போல இடறாமல் போனாள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துக்கொண்டே போனாள்.

அவளுக்கும் ஒரு வீடு இருக்கிறது, நாம் பார்த்ததில்லை என்று தோன்றியது பெரியவளுக்கு.

"அகப்பட்டுடுச்சு," என்றாள் சின்னவள். குரல் தணிந்திருந்தது. "ஒரே ஒரு ஃபைல். இருநூத்தி எழுபத்தொண்ணு."

"அப்படி என்ன இருக்கு அதுல?"

"புலம்பல்க்கா. ஒவ்வொரு டப்பாவும் ஒரு நாட்குறிப்பு எழுதும், லாக்னு பேரு. இந்த ஒரு டப்பா மட்டும் எழுதித் தள்ளியிருக்கு. நொடிக்கு நாலு தடவை, தடவைக்கு ஒரு பக்கம். எல்லாம் ஒரே சங்கதி." கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். "லேபிள் பிரிண்டர் பதில் சொல்லவில்லை. மறுபடியும் முயல்கிறேன். லேபிள் பிரிண்டர் பதில் சொல்லவில்லை. மறுபடியும் முயல்கிறேன்."

பெரியவள் அலமாரிப் பக்கம் பார்த்தாள்.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

சின்னவள் முதல் பக்கத்துக்குப் போனாள். எட்டு மாதம் முன்னால் ஒரு தேதி. மதியம் இரண்டு மணி பத்து நிமிடம்.

பெரியவளுக்கு அந்த மதியம் நன்றாக ஞாபகம் இருந்தது. பதினோரு வருடமாகப் பெட்டிகளின்மேல் நோயாளியின் பேரை அவள்தான் கையால் எழுதுவாள். அதற்கென்று ஒரு பேனா. சின்னவள் வந்த இரண்டாம் மாதம், ஆசையாக ஒரு லேபிள் பிரிண்டர் வாங்கி மூலைக்காரனோடு இணைத்தாள். பெட்டி தயாரானதும் பேர் தானாக அச்சாகி வரும். ஒரு மருத்துவர் போனில், 'இப்பத்தான் பாக்கறதுக்கு லட்சணமா இருக்கு' என்றார். மறுநாள், எல்லாரும் சாப்பிட மேலே போயிருந்தபோது, பெரியவள் பிரிண்டரின் வயரைப் பிடுங்கி, துணியில் சுற்றி, அலமாரி மேல் வைத்துவிட்டாள். யாராவது கேட்டால் 'கெட்டுப்போச்சு' என்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. அடுத்த நாளே பேனாவை மறுபடி கையில் எடுத்துவிட்டாள்.

யாரும் கேட்கவில்லை என்று நினைத்தாள். இங்கே ஒருவன் நொடிக்கு நாலு தடவை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

"நான்தான்," என்றாள். "நான்தான் வயரைப் பிடுங்கினேன். அலமாரி மேல இருக்கு."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். ஒரு குத்தல் வரும் என்று காத்திருந்தாள். அவளாக இருந்தால் ஒரு குத்தலாவது குத்தியிருப்பாள்.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"ஒட்டடை அடிக்கறப்ப பாத்தேன். அப்புறம் நீங்க பேர் எழுதறதையும் பாத்தேன். பிரிண்டர் எழுத்தைவிட அது நல்லா இருந்துது. போட்டதே அதிகப்பிரசங்கித்தனம்னு தோணிடுச்சு, அதான் கேக்கல." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆனா அந்த டப்பாவை நிறுத்தியிருக்கணும். இவ்வளவுக்கு மேல எழுதாதேன்னு ஒரு அளவாவது வெச்சிருக்கணும். வைக்கல. அந்த டப்பாவைச் செஞ்சது நான்தானே? உங்க தப்பு ஒரு வயர்தான்க்கா. மிச்சம் இருநூத்தி எழுபத்தொண்ணும் என்னோடது."

பெரியவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. சிரிப்பும் வரும்போல இருந்தது. எட்டு மாதம் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் பேசவில்லை. பேசாததையெல்லாம் மூலைக்காரன் ஒருவனே பேசித் தீர்த்து, மூச்சு முட்டி விழுந்திருக்கிறான்.

போன் அடித்தது. கொழுந்தன். சின்னவள் ஒலிபெருக்கியில் போட்டு நாலு வாக்கியத்தில் நிலைமையைச் சொன்னாள்.

"அவ்வளவுதானே? அந்த ஃபைலை டெலீட் பண்ணித் தள்ளு," என்றான் அவன்.

"தள்ளினா பேர்தான் போகும், இடம் வராது. எழுதறவன் அதை இன்னும் கையில பிடிச்சிட்டிருக்கான். அவன் விடற வரைக்கும் டிஸ்க் திருப்பித் தராது."

"அப்போ?"

"ஃபைல் இருக்கட்டும். உள்ள இருக்கறதை மட்டும் கொட்டிடறேன்."

"அடடா, ஆமாம்ல! நான் போன மாசம் ஒரு கிளினிக்ல டெலீட் பண்ணிட்டு, இடம் ஏன் வரலன்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"எங்க கேக்கறது? நீதான் பாலைப் பொங்க விட்டுட்டு வாங்கிக் கட்டிக்கிட்டிருந்தியே," என்று சிரித்தான். "நல்ல வேளை, வீட்டோட இருக்கே. உன்னை விட்டா மூலைக்காரனுக்கு யாரு? அண்ணி, இவளை விட்டுடாதீங்க!"

சின்னவளும் சிரித்தாள். ஆனால் இந்தத் தடவை உதடு இழுக்கவில்லை.

ஒரு வரி. சுருக்கமான வரி. தட்டினாள். பிறகு, முதலில் அடித்த அதே வரியை மறுபடி அடித்தாள். ஐநூறில் ஐநூறும் நிரம்பியிருந்த இடத்தில் இப்போது இருநூற்று இருபத்தொன்பதுதான். ஒரு அச்சும் போகவில்லை, ஒரு வாயும் போகவில்லை.

மில்லிங் மெஷின் செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. "அப்பாடா!" என்று முன்னறையில் டீச்சர் கையை எடுத்துவிட்டு, ஞாபகம் வந்து மறுபடி மூடிக்கொண்டார்.

அதோடு எழுந்துவிடவில்லை சின்னவள். பழைய ஸ்கேன் டப்பாவை எழுப்பி, பெட்டியில் ஏழு வருடமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாள். பிரிண்டர் டப்பாவைக் கலைத்து, புலம்பலுக்கு ஓர் அளவு வைத்து, புதிதாக வார்த்து, தேவைப்படும்வரை உறங்கப் போட்டாள். கடைசியாக, "பேரில்லாத பெட்டியில இருக்கறதைப் பேருள்ள பெட்டிக்கு மாத்தப் போறேன். என்ன பேர் வைக்கலாம்க்கா?" என்று கேட்டாள்.

"வாய்ப்பெட்டி," என்றாள் பெரியவள் யோசிக்காமல். அதுவே நின்றது.

நாலு மணிக்கு மாமனார் புதுச் செட்டை மெருகேற்றிக்கொண்டே ஆனந்தமாகப் பேசினார். "நானும் எத்தனையோ வேலைக்காரங்களைப் பாத்திருக்கேன். கை வேகம் இருக்கும், கண் இருக்காது. உனக்குக் கண் இருக்கும்மா. இனிமே நீ இந்தப் பட்டறையை விட்டு எங்கேயும் போக முடியாது, சொல்லிட்டேன்!"

அதைவிடப் பெரிய பாராட்டு அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. பெரியவளின் கணவருக்குக்கூட.

"சரி மாமா," என்றாள் சின்னவள்.

அதே பழைய 'சரி'. பத்து மாதமாகப் பெரியவள் கேட்டுக் கேட்டு, மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த 'சரி'. இன்று அவளுக்கு அதன் நாட்குறிப்பைத் திறந்து படித்ததுபோல் இருந்தது.

சின்னவள் கையைக் கழுவப் போனாள். குழாயடியில் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். பிரிக்கவில்லை. நாலாக இருந்ததை எட்டாக மடித்தாள்.

பெரியவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இருந்தால் யாருக்கு லாபம்? எனக்குத்தான். சனிக்கிழமை விரல் நடுங்க வேண்டாம். எந்தக் கட்டம் வந்தாலும் 'சின்னவளே' என்று ஒரு குரல் போதும். இன்றைக்குத்தான் அவளோடு பேசவே ஆரம்பித்திருக்கிறேன். கூட ஒருத்தி இருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தால் போதும். ஐந்து மணி தானாக அடித்துவிடும்.

வயரைப் பிடுங்குவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

லேபிள் எழுதும் பேனாவையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு மூலைக்காரன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"சின்னவளே, இங்க வா. நீ இன்னைக்கு அடிச்சதையெல்லாம் வரிசையா சொல்லு, எழுதிக்கறேன்."

"எதுக்குக்கா? நான்தான்..."

"சொல்லுன்னா சொல்லு."

சின்னவள் சொன்னாள். பெரியவள் எழுதினாள், வரிக்கு வரி, எதற்கு என்பதையும் பக்கத்தில். பார், பிறகு கேள், பிறகு கழி. கழித்து மிஞ்சியதைத் தேடு. பிடித்திருப்பவன் கையிலிருந்து பிடுங்காதே, கொட்டு. பிறகு கொழுந்தன் தாளின் முதல் வரியை அவளே ஒற்றை விரலால் அடித்தாள். திரை நாலு வரி எழுதிச் சம்மதமா என்றது. மாமனாருக்குக் கேட்கும்படி நாலையும் உரக்கப் படித்தாள்; 'ஒய்' தட்டவில்லை.

"நின்னு போன டப்பா எதுவும் இல்லையான்னு முதல்ல பாக்கணும். இருந்தா ஏன் நின்னுதுன்னு கேக்கணும். சரியா?"

"சரிக்கா." சின்னவள் குழம்பிப் போயிருந்தாள்.

பெரியவள் நாற்காலியைத் திருப்பினாள். "மாமா, இனிமே மூலைக்காரனை நான் பாத்துக்கறேன். தடுமாறுவேன். ஆனா படிச்சுட்டு 'ஒய்' அடிப்பேன். புரியலைன்னா போன் போட்டு இவகிட்ட கேப்பேன்."

"போன் எதுக்கு? இவ இங்கதானே இருக்கா?"

"இவளுக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு பதில் எழுதணும் மாமா. ஒரு வேலைக்கு. இந்த மாதிரி மூலைக்காரன் நூறு பேர் இருக்கற இடம்."

மெருகுச் சக்கரம் நின்றது.

சின்னவளின் கை தாள் இருந்த பைக்குப் போனது. "அக்கா, நீங்க..."

"போர்வையிலேருந்து விழுந்துது. நான் தேடல," என்றாள் பெரியவள். "படிச்சேன். அது தப்புதான். நாலு நாளா சொல்லாம இருந்தேனே, அது அதைவிடப் பெரிய தப்பு."

மாமனார் பல் செட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். "கடிங்க டீச்சர்," என்பது கேட்டது. "மறுபடி. லேசா. இந்தப் பக்கம்." நீலத்தாளின் சரசரப்பு. பிறகு, சுவருக்கு அப்பாலிருந்தே, யாரையோ கேட்பதுபோல் கேட்டார்.

"எப்போ போய்ச் சேரணுமாம்?"

சின்னவள் சுவரைப் பார்த்து, "அடுத்த மாசம் முதல் தேதி மாமா," என்றாள்.

"நூறு பேரா?"

"நானூறு மாமா."

"ம்." ராவும் சத்தம். "நீலத்தாள் ஒரு கட்டு தரேன், எடுத்துட்டுப் போ. அங்க தேவைப்படாது. இருக்கட்டும்."

நாலு ஐம்பத்து மூன்றுக்குச் சின்னவள் பதில் எழுதினாள். நாலே வரி. அனுப்புவதற்கு முன்னால் பெரியவளிடம் திருப்பிக் காட்டினாள். பெரியவள் நாலையும் படித்தாள். கையை எடுக்கச் சொல்லவில்லை.

போய்விட்டது.

அடுத்த நிமிடமே போன் அடித்தது. கொழுந்தன். இருவரும் அந்தப் பேரைப் பார்த்தார்கள்.

"அவருக்கு இன்டர்வியூ நடந்தது தெரியும். 'பாக்கலாம்'னு சொன்னார், அதோட விட்டுட்டார்," என்றாள் சின்னவள் மெதுவாக. "கிடைச்சது தெரியாது. அக்கா, நீங்க எடுத்துப் பேசறீங்களா?"

"நீ சொல்ல வேண்டியதை மாமாகிட்ட நான் சொன்னது போதும். இது உன் புருஷன். நீயே பேசு."

சின்னவள் போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனாள். கண்ணாடிக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

பெரியவள் டீச்சரின் பெட்டியை எடுத்து, மூடிமேல் பேரை எழுத ஆரம்பித்தாள். கதவுக்கு அப்பால் சின்னவளின் உதடு அசைந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு அசைவு நின்றது. அவள் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். தலை குனியவில்லை. ஆனால் போனைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

பெரியவளின் பேனா பாதிப் பேரில் நின்றது.

முன்னறையில் டீச்சர் புதுப்பல்லோடு முதல் சுரத்தைப் பிடித்தார். அது பிசிறில்லாமல் எழுந்து, அசையாமல் நின்றது.